பெத்த அம்மா, சேர்த்துக்கிட்ட அம்மா: 'வெள்ளை மொழி' பார்த்த கதை

நடுவுல லாரி ஹாரன் கேட்டா மன்னிச்சுக்கங்க. ராயபுரத்துல எங்க வீடு ஹார்பருக்குப் போற ரோட்டை ஒட்டி இருக்கு, ஜன்னலைச் சாத்தினாலும் இவ்வளவுதான்.

இன்னிக்கு ஒரு நாடகம் பத்திப் பேசலாம். 'வெள்ளை மொழி'. அ. ரேவதி தன் வாழ்க்கையைத் தானே மேடையில நடிச்சுச் சொல்றாங்க. இயக்கம் அ. மங்கை. ரேவதி நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்துல பிறந்த திருநங்கை. 2004-ல 'உணர்வும் உருவமும்' தொகுத்தவங்க. அவங்க தமிழ்ல எழுதின சுயசரிதை 2010-ல முதல்ல இங்கிலீஷ்லதான் வந்துச்சு, வ. கீதா மொழிபெயர்ப்புல. தமிழ்ப் புத்தகம் அதுக்கப்புறம். நம்ம ஊர் லட்சணம்!

உடம்பு, ஆபரேஷன், போலீஸ்னுதான் இருக்கும்னு நினைச்சுப் போனேன். அதெல்லாம் இருக்கு. ஆனா எனக்கு மனசுல நின்னது அம்மாக்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கணும். வீட்டை விட்டு வர்ற திருநங்கையை ஜமாத்துல மூத்தவங்க ஒருத்தர் பெரியவங்க முன்னாடி 'இவ என் மகள்'னு ஏத்துக்குவாங்க. அவங்க குரு, இவ சேலா. குருவுக்குக் குரு நானி. ஒரே குருகிட்ட இருக்கறவங்க குருபாய், அக்கா தங்கச்சி மாதிரி. நிர்வாணம் பண்ணிக்கிட்டா 40 நாள் தனியா வெச்சுப் பார்த்துக்கிட்டு, அப்புறம் சடங்கு. சமைக்கக் கத்துக்கொடுக்கறது, திட்டறது, சம்பாதிச்சதுல பங்கு கேட்கறது எல்லாம் உண்டு. புனிதமான உறவுன்னு பூசி மெழுக வேணாம், அதுலயும் அதிகாரம் இருக்கு. எந்த வீட்டுலதான் இல்ல?

ஆனா பெத்தவங்களும் விட்டுப் போகல. அடிச்சு விரட்டின அதே வீட்டுக்கு ரேவதி திரும்பத் திரும்பப் போறாங்க. ஜாவாவுல ஒரு கிளாஸுக்கு ஒரே பேரன்ட் கிளாஸ்தான். பைத்தான்ல ரெண்டு வெச்சுக்கலாம். நம்ம சட்டம் இந்த விஷயத்துல ஜாவா. 2014 ஏப்ரல் 15 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரிச்சது பெரிய விஷயம்தான். ஆனா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட வாரிசுப் பட்டியல்ல குரு, சேலான்னு ஒரு வரி கிடையாது.

இந்த இடத்துலதான் பக்கத்து சீட்ல எங்க அம்மா அழ ஆரம்பிச்சாங்க. எனக்குக் காரணம் தெரியும்.

எங்க ஆயா மீன்காரம்மா. விடியறதுக்கு முன்னாடியே காசிமேட்டுக்கு ஏலம் எடுக்கப் போயிடுவாங்க, கூடை காலியானாத்தான் வீடு. அம்மாவுக்குத் தலை வாரினது, சோறு போட்டது, வயசுக்கு வந்தப்போ முதல்ல தண்ணி ஊத்தினது எல்லாம் பக்கத்து வீட்டம்மா. அவங்களுக்குப் பிள்ளை இல்ல. அவங்களையும் நான் ஆயான்னுதான் கூப்பிடுவேன். ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டாங்க. பேரப்பிள்ளைங்க நெய்ப்பந்தம் பிடிக்க வாங்கன்னு கூப்பிட்டப்போ நான் போய் நின்னேன். சொந்தக்காரர் ஒருத்தர், 'நீ யாரும்மா?'ன்னார். எனக்குப் பதில் வரல. அம்மா என் கையைப் பிடிச்சு பின்னாடி இழுத்துக்கிட்டாங்க.

நாடகம் முடிஞ்சு பஸ்ல வர்றப்போ அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'அந்தம்மா ரெண்டு பேரையும் அம்மான்னுதானே சொல்லுச்சு?' ஆமாம்மான்னேன். பீச் ஸ்டேஷன் தாண்டற வரைக்கும் பேசல.

மறுநாள் பீரோவுலேர்ந்து அவங்க கல்யாண ஆல்பத்தை எடுத்து வெச்சிருந்தாங்க. பக்கத்து வீட்டு ஆயா இருக்கற ஒரே போட்டோ அதுலதான், ஓரத்துல, பாதி முகம். எங்க ஆயா படத்துக்குப் பக்கத்துல மாட்டணுமாம். ஸ்கேன் பண்ணியிருக்கேன். பெருசாக்கினா புள்ளி புள்ளியா உடையுது. போட்டோ சரி பண்ணத் தெரிஞ்சவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா மெயில் போடுங்க.