கல்யாணம் செல்லாது, சரி, பி.எஃப். பணம் யாருக்கு? தன்பால் இணையர் உரிமை: சந்தேகங்களும் விளக்கங்களும்

தன்பால் இணையர் திருமணத்துக்கு அங்கீகாரம் தருவது நாடாளுமன்றத்தின் வேலை, எங்கள் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று தீர்ப்பளித்தது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாகிவிட்டன. தீர்ப்பு வந்துவிட்டாலும் சந்தேகங்கள் தீரவில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள தெருக்களில் ஒரே வீட்டில் வாடகையும் அடுப்பும் பங்குபோட்டு வாழும் இரு பெண்களுக்கும் இரு ஆண்களுக்கும் கல்யாண மண்டபத்தைவிட அவசரமான கவலைகள் உண்டு. ஷிப்டுக்குப் போன இடத்தில் அடிபட்டால் ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது? செத்துப்போனால் செட்டில்மென்ட் யாருக்கு? அவர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்கும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்தால் ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவு செய்ய மாட்டார்களா?

மாட்டார்கள். இந்து திருமணச் சட்டம் மணமகன், மணமகள் என்று பேசுகிறது. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயது வைக்கிறது. இந்தச் சொற்களை நீட்டிப் பொருள் சொல்ல முடியாது என்பதில் 2023 தீர்ப்பை வழங்கிய ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதிலும் அப்படியே. திருமணம் என்ற பெயர் இல்லாமலாவது இணைவாழ்வுக்கு அங்கீகாரம் தரலாமா என்பதில்தான் பிளவு. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் தரலாம் என்றார்கள். மற்ற மூவரும் ஏற்கவில்லை.

சடங்கு நடத்துவதற்குத் தடை ஏதும் இல்லை. கனடாவில் வசிக்கும் இரு பெண்கள் 2022 ஆகஸ்ட்டில் சென்னையில் உற்றார் உறவினர் சூழ மணம் செய்துகொண்ட படங்கள் பத்திரிகைகளில் வந்தன. சடங்கு முடிந்தது, விருந்தும் முடிந்தது. ஆனால் இந்தியச் சட்டத்தின் ஏட்டில் அந்தத் திருமணம் ஏறவில்லை.

அப்படியானால் சேர்ந்து வாழ்வதே குற்றம்தானே?

குற்றம் இல்லை. வயதுவந்த இருவர் விருப்பத்தோடு கொள்ளும் உறவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே விலக்கிவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. நம் பக்கத்து நாடான இலங்கையில் இன்றைக்கும் அப்படிப்பட்ட பிரிவு தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது.

பெண்ணைக் காணவில்லை என்று வீட்டார் போலீசுக்குப் போனால்?

இங்கேதான் சென்னை உயர் நீதிமன்றம் நாட்டுக்கே வழி காட்டியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன்பு வந்தது. தனக்கும் இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று அவர் திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து, கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பதவியில் இருக்கும் ஒருவர் இப்படிச் செய்வது அபூர்வம்.

அந்த உத்தரவின்படி, காணாமல் போனவர் வயதுவந்தவர், விருப்பத்தோடுதான் போயிருக்கிறார் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும். தொல்லை கொடுக்கக் கூடாது. 2022இல் தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளையும் திருத்தி, தன்பால் ஈர்ப்புடையவர்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்தது. 'வைத்தியம் பார்த்து மாற்றிவிடலாம்' என்று பெற்றோரிடம் காசு பறிக்கும் டாக்டர்களுக்கும் கடிவாளம் விழுந்தது. அப்படிப்பட்ட சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டில் அறிவித்தது.

பெற்றோர் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அவருடைய தோழி சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த ஆட்கொணர்வு மனு 2025 மே மாதம் மீட்டது. நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணையே அழைத்துப் பேசி, அவர் விருப்பப்படி போகவிட்டார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றும் எழுதினார்கள். 2008 மே மாதம் நம் சாத்தாங்காட்டில் இரு தோழியர் சேர்ந்தே உயிரை விட்ட செய்தி பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். அன்றைக்கு இப்படி ஒரு உத்தரவும் இல்லை, சொல்ல ஒரு இடமும் இல்லை. மனம் நொந்திருப்பவர்கள் இன்று 104 எண்ணில் பேசலாம்.

திருநங்கையைக் கட்டிக்கொண்டாலும் இதே கதிதானா?

இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். தூத்துக்குடியில் ஒரு ஆணும் திருநங்கையும் 2018இல் கோயிலில் மணந்தபோது பதிவு மறுக்கப்பட்டது. இந்து திருமணச் சட்டத்தின் மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தார். ஆண் பெண் என்ற கணக்கில் வரும் திருநர் திருமணம் செல்லும் என்பதை 2023 தீர்ப்பும் உறுதி செய்தது. பதிவாளர் மறுத்தால் இந்த இரண்டு தீர்ப்புகளையும் காட்டலாம்.

பி.எஃப்., கிராஜுவிட்டிக்கு என் கூட இருப்பவரை நாமினியாகப் போடலாமா?

தொழிற்சாலைப் பகுதிக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். எண்ணூரில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தாலும் சரி, மணலியில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சரி, விதி ஒன்றுதான்.

பி.எஃப். இணையதளத்தில் நாமினி பதியப் போனால், குடும்பம் இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை என்று முதலில் கேட்கும். கைபேசியில் பார்க்கும்போது சின்னக் கேள்வியாகத்தான் தெரியும். திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், உங்களை அண்டியிருக்கும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி மக்கள். இவர்களில் ஒருவர் இருந்தாலும் நாமினி இவர்களுக்குள்தான் இருக்க வேண்டும். வெளியாள் பெயரைப் போட்டால் அந்த நியமனமே செல்லாது. இருபது வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டவரும் சட்டத்துக்கு வெளியாள்தான்.

இதில் ஒரு சந்து இருக்கிறது. மணமாகாதவர், பெற்றோர் இல்லை அல்லது அவர்கள் உங்கள் சம்பாத்தியத்தை நம்பி இல்லை என்றால், உங்களுக்குக் குடும்பம் இல்லை என்று பொருள். அப்போது யாரை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் வீட்டார் நெருக்கிப் பிடித்து ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்துவிட்டால் அந்த நாமினி அன்றோடு காலி. உயில் எழுதி வைத்தாலும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது.

கிராஜுவிட்டிக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான். இ.எஸ்.ஐ. அட்டையில் இணையருக்கு இடமில்லை, ஆகவே டிஸ்பென்சரியில் மாத்திரையும் இல்லை. வேலையில் உயிர்போனால் நஷ்டஈடு பெறும் வாரிசுப் பட்டியலிலும் அவர் வர மாட்டார்.

சட்டம் மாறக் காத்திருக்காமல் நிர்வாகமே கொடுக்கக்கூடியவையும் உண்டு. மருத்துவ வசதி, விடுப்பு போன்றவற்றை மணமாகாத இணையருக்கும் தருவதாக டாடா ஸ்டீல் 2019இல் கொள்கை வகுத்தது. சம்பள ஒப்பந்தம் பேச உட்காரும்போது நம் யூனியன்களும் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். காசு அதிகம் ஆகாத கோரிக்கை இது.

பேங்க், ரேஷன் கார்டு?

உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குறுதிப்படி அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் மத்திய அரசு 2024 ஏப்ரலில் குழு அமைத்தது. தன்பால் இணையர் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று விளக்கியது. ரேஷனுக்கு இவர்களை ஒரே குடும்பமாகக் கொள்ளச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் போயிருக்கிறது. (அப்பா அம்மா கார்டில் பெயர் நீக்காமல் புதுக் கார்டு வாங்க முடியாது என்ற பழைய தலைவலி எல்லோருக்கும் பொது.)

ஒன்றைக் கவனியுங்கள். பேங்க் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர் மட்டுமே. சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வாரிசுகள் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். நாமினி போட்ட கையோடு உயிலும் எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும். யாருக்கு எழுதுகிறீர்களோ அவரையே சாட்சியாகப் போடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் 'சொந்தக்காரங்க யாரு' என்று கேட்டால்?

நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதம்தான் சம்மதம். சட்டப்படி வேறு யாரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. நினைவு தப்பினால்தான் சிக்கல். அதற்கு முன்கூட்டியே மருத்துவ உயில் எழுதி, இணையரைப் பொறுப்பாளராகக் குறிப்பிட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கலாம். உச்ச நீதிமன்றம் 2023இல் இதன் நடைமுறையை எளிதாக்கியது. மனநல சிகிச்சைக்கு இன்னும் சுலபம்: 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வயதுவந்த யாரையும் உங்கள் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளலாம்.

இறந்தவரின் உடலைப் பெறுவது பற்றி மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 21 அன்று எழுதிய கடிதம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையர் உடலைப் பெறலாம் என்கிறது. உறவினர் இருந்து, அவர்கள் இவரை வாசலிலேயே நிறுத்தினால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

வீட்டை அவர் பெயருக்கு எழுதி வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் செலவைப் பாருங்கள். திருவொற்றியூரில் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டைத் தம்பிக்கு செட்டில்மென்ட் செய்தால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதாவது 30,000. பதிவுக்கட்டணம் உச்சவரம்பு 10,000. மொத்தம் 40,000 ரூபாயில் முடிந்துவிடும். அதே வீட்டை இணையருக்குக் கொடுத்தால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், 2,70,000 ரூபாய். அதோடு விடாது. உறவினர் அல்லாதவரிடம் 50,000 ரூபாய்க்கு மேல் பெறும் அன்பளிப்பு வருமானமாகக் கருதப்படும் என்பதால், அந்த 30 லட்சத்துக்கும் வாங்கியவர் வருமான வரி கட்ட வேண்டியிருக்கும்.

உயில் என்றால் இந்த இரண்டும் இல்லை. எதுவுமே எழுதாமல் கண்ணை மூடினால், மணமாகாத இந்து ஆணின் சொத்து அம்மாவுக்கு, பிறகு அப்பாவுக்கு, பிறகு உடன்பிறந்தவர்களுக்குப் போகும். கூடவே இருந்து கடன் கட்டியவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவருமா? நாளைக்குக் கோயிலும் சர்ச்சும் இவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டி வருமே?

திருமணம் பற்றிய வழக்கமும் சட்டமும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. சுந்தரர், திருவாரூரில் பரவையார் இருக்க, இங்கே சங்கிலியாரை மணந்து மகிழமரத்தடியில் சத்தியம் செய்ததைத் திருவொற்றியூர் இன்றும் மகிழடி சேவையாகக் கொண்டாடுகிறது. அந்தக் கல்யாணம் இன்றைக்கு நடந்தால் பதிவாளர் எழுத மாட்டார். இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1949இல் வந்தது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கியது. 1953இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தி, முன்பு நடந்தவற்றையும் சேர்த்தே செல்லும் என்றது. அதுவரை அந்தத் தம்பதிகளும் ஊரார் கண்ணுக்குக் கணவன் மனைவி, கோர்ட் கண்ணுக்கு யாரோ இருவர்.

மதத்தைப் பற்றிய பயமும் வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை. ஆனால் 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்தவர்களுக்குக் கோர்ட் விவாகரத்து தருகிறது. அதற்காக ராயபுரத்துப் பங்குத்தந்தை யாருக்கும் மறுமணம் செய்துவைத்தே தீர வேண்டும் என்று எந்த நீதிபதியும் சொன்னதில்லை. நெதர்லாந்து 2001இலும், தைவான் 2019இலும், தாய்லாந்து 2025 ஜனவரியிலும் கொண்டுவந்தது பதிவாளர் அலுவலகத் திருமணத்தைத்தான். நேபாளத்திலும் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்துவிட்டது.

குழந்தை தத்தெடுக்கலாமா?

ஜோடியாக முடியாது. தனியாள் என்ற முறையில் ஒருவர் எடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை தர மாட்டார்கள். மற்றவர் அந்தக் குழந்தைக்குச் சட்டப்படி யாரும் இல்லை.

டெல்லி செய்யாவிட்டால் தமிழ்நாடு தனியே செய்ய முடியுமா?

திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத் திருத்தத்தைப் போலக் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு மாநிலம் சட்டம் கொண்டுவரலாம். இன்றைய நிலையில் ஒப்புதல் கிடைக்குமா என்பது வேறு விஷயம். திருமணம் என்ற சொல்லைத் தொடாமலே இருவர் குடும்பமாக வாழ ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ள வகை செய்யலாமே என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரிலேயே அரசுக்கு யோசனை சொன்னார். அது இன்னும் யோசனையாகவே இருக்கிறது. செட்டில்மென்ட் சலுகைக்கு அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். முத்திரைத்தீர்வை விகிதம் முழுக்க மாநிலத்தின் கையில் இருக்கிறது. குடும்பம் என்ற வரையறையில் ஒரு வரி சேர்த்தால் 2,70,000 ரூபாய் 40,000 ஆகிவிடும்.