வீண்விரயமும் பிளாஸ்டிக் பைகளும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்லாஹ், அதே வசனத்தில் வீண்விரயத்தைத் தடுக்கிறான் (7:31). ஓடும் ஆற்றின் கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிமொழி இப்னுமாஜாவில் பதிவாகியுள்ளது.

நம் மேலகரத்துக்கு ஆறு தொலைவிலில்லை. குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாறே இப்பகுதி வயல்களையும் குளங்களையும் வளப்படுத்துகிறது. நாம் வீசிய பை வாய்க்காலை அடைத்தால், கடைமடை விவசாயிக்கு நீர் சேராது. சுகம் நமக்கு, துன்பம் அவருக்கு. எனவே இது வெறும் சுத்தம் பற்றிய பேச்சன்று. அடியார்களின் உரிமை (ஹக்குல் இபாத்) சார்ந்தது.

'மறுசுழற்சிக்குப் போய்விடும்' என்று சிலர் எண்ணுகின்றனர். மெல்லிய பையில் ஒரு கிலோ சேர நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். எண்ணெயும் இறைச்சி நீரும் பட்டதைக் கழுவாமல் உருக்கவும் இயலாது. ஆகவே பழைய பொருள் வாங்குவோர் அதை விரும்புவதில்லை. அது குப்பைமேட்டில் எரிந்து நச்சுப் புகையாகிறது. அல்லது மாட்டின் வயிற்றில் சேர்கிறது.

இதனாலேயே தமிழக அரசு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தடிமன் எதுவாயினும் பிளாஸ்டிக் கைப்பை அத்தடையில் அடங்கும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆயினும் நம் பழக்கம் மாறாதவரை சட்டம் மட்டும் பயன் தராது.

சகோதரர்களே! நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளி கொண்டுவருவது நம் முன்னோர் வழக்கம். குர்பானி இறைச்சியை மட்டும் ஏன் பிளாஸ்டிக் பையில் பங்கிடுகிறோம்? அல்லாஹ்வுக்காக அறுத்த பிராணியின் இரத்தம் படிந்த பையை மறுநாள் தெருநாய் இழுத்துச் செல்வது அந்த வணக்கத்துக்கு அழகாகுமா? பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை (முஸ்லிம்) எனில், தொல்லையை அங்கே போடுபவரின் நிலை என்ன?

நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்தார்கள். காலணியையும் செப்பனிட்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (அஹ்மத்). பழையதைப் பேணுவது குறைவன்று, நபிவழி. வீட்டிலுள்ள பைகளைக் கழுவி உலர்த்தி மீண்டும் பயன்படுத்துங்கள். பழைய கைலியிலும் சேலையிலும் பை தைத்துக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். குர்பானிப் பங்கு வாங்க வருவோரிடம் பாத்திரம் கொண்டுவர முன்கூட்டியே சொல்லுங்கள்.

வீண்விரயத்தை விட்டும், பிறருக்குத் தீங்கிழைப்பதை விட்டும் வல்ல நாயன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.