நாய்க்கடுகு கடுகுதானா?

பல ஆண்டுகள் உழாமற் கிடந்த காணியில் முதலிற் கண்ணிற் படுவது பற்றையும் களையுமே. 2006 இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்த மக்களிற் பலர் 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்குத் திரும்பினர். திருகோணமலை மாவட்டத்தின் இத்தகைய வறண்ட நிலங்களில், மாரி மழைக்குப் பின் மஞ்சட் பூவும் கடுகு போன்ற விதையும் கொண்ட செடிகள் தாமாக முளைக்கின்றன. இவற்றைப் பிரித்தறிவது எமது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

இவற்றுள் ஒன்று நாய்க்கடுகு. நாய்வேளை என்றும் சொல்வோம். 1753 இல் லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு 'கிளியோமி விஸ்கோசா' எனப் பெயரிட்டார். 'விஸ்கோசா' என்றால் ஒட்டுந்தன்மை உடையது என்று பொருள். செடியைத் தொட்டால் விரலில் ஒட்டும். கடும் மணமும் வீசும்.

இது கடுகு அல்ல; கடுகுக் குடும்பத்தின் நெருங்கிய உறவு. இரண்டின் பூவுக்கும் நான்கு இதழ்கள். கடுகின் இதழ்கள் சிலுவை வடிவில் விரியும்; உள்ளே ஆறு மகரந்தக் காம்புகள் இருக்கும். நாய்க்கடுகின் இதழ்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மகரந்தக் காம்புகள் ஆறிலும் கூட. இலை மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். கடுகுக் காயைப் பிளந்தால் நடுவில் மெல்லிய தடுப்பு உண்டு. நாய்க்கடுகுக் காயில் அது இல்லை. கடுகு விதை உருண்டையானது. நாய்க்கடுகு விதை சுருண்டு, வரிவரியாக இருக்கும். இந்தியாவிற் சில இடங்களில் இவ்விதையைக் கறிக்குச் சேர்ப்பர்.

அஞ்ச வேண்டியது பிரமதண்டு. மெக்சிக்கோவிலிருந்து வந்த இச்செடிக்கும் மஞ்சட் பூ உண்டு. ஆனால் இலையிலும் காயிலும் முள் இருக்கும். ஒடித்தால் மஞ்சட் பால் வடியும். விதையோ கடுகை ஒத்தது, நஞ்சுடையது. 1998 இல் டில்லியில் இதன் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கால் வீங்குதலும் மூச்சுத் திணறலும் இந்நோயின் அறிகுறிகள்.

ஆகவே விதையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செடி நிற்கும்போதே பூவையும் இலையையும் காயையும் பாருங்கள். பிரமதண்டைக் காய் முற்றுமுன் மண்வெட்டியால் வேரோடு அகற்றுங்கள். காட்டில் பொறுக்கிய இனந்தெரியாத விதையைக் கடுகுப் போத்தலில் சேர்க்காதீர்கள். பிள்ளைகளையும் வயலுக்குக் கூட்டிச் சென்று இரு செடிகளையும் காட்டிக் கொடுங்கள். நிலத்தோடு இந்த அறிவும் அவர்களைச் சேரவேண்டும்.