செய்கூலியும் சித்திரமும்

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கும் தாய்மார்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். வெள்ளியின் எடைக்கு ஒரு தொகை, அதன்மேல் செய்கூலி, பிறகு சேதாரம். செய்தவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. பெயர் தெரியாத காரணத்துக்காகக் கூலியைக் குறைப்பதும் இல்லை. ஆனால், ஊர்ப் பையன் ஒருவன் தான் எழுதிய சித்திரத்தைக் கொண்டு வந்து காட்டினால் மட்டும், "பொழுதுபோக்குக்கு எழுதியதுதானே, தம்பி! இதற்குமா காசு?" என்கிறோம். இது நியாயமா என்று சிறிது சிந்திப்போம்.

மோகனூரில் 1888-ஆம் ஆண்டு பிறந்த நாமக்கல் வெ. ராமலிங்கம் பிள்ளையைக் கவிஞராகவே நாம் அறிவோம். 1949-இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானவர் அவர். ஆயினும், கவிதையால் நாடறியப் பெறுமுன் அவருக்குச் சோறு போட்டது தூரிகையே. உருவப் படங்கள் எழுதிக் கொடுத்து ஜீவனம் நடத்தினார். உருவப் படத் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. வேண்டுவோர் முதலில் வருகிறார், தொகை பேசி முடிகிறது, பிறகே வேலை. கொல்லிமலைச் சாரலைத் தன் மனம் போல் எழுதி வைத்துக்கொண்டு, வாங்குவோரைத் தேடும் இளைஞனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. அவன் என்ன விலை சொல்வான்?

கொலுசுக் கணக்கே அவனுக்கும் வழிகாட்டும். உதாரணமாக, வர்ணத்துக்கும் சீலைக்கும் 800 ரூபாய், நாளொன்றுக்கு 700 வீதம் ஐந்து நாள் கூலி 3,500, கெட்டுப்போன தாள்களுக்காகச் சேதாரம் 300, சட்டத்துக்கு 1,000. ஆக 5,600 ரூபாய். விற்பனைக்கூடம் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுமாயின், விலைச் சீட்டில் 8,400 என்று எழுதினால்தான் இவன் கைக்கு 5,600 வரும். வீட்டுக்கு வந்து கேட்பவரிடமும் அதே 8,400-தான் சொல்ல வேண்டும். கூடத்தில் ஒரு விலை, திண்ணையில் ஒரு விலை என்றால் இரண்டு இடத்திலும் நம்பிக்கை போய்விடும். உறவினருக்குக் கொடுக்க விரும்பினால் முழுவதும் இனாமாகக் கொடுக்கட்டும். பாதி விலைக்குக் கொடுப்பது ஆகாது. பெயர் வளர வளர விலையை உயர்த்தலாம். தாழ்த்துவதோ முன்பு வாங்கியவருக்குச் செய்யும் துரோகமாகும்.

இவ்வளவு கணக்கிட்டும் படம் உடனே விலை போகாதிருக்கலாம். ஹாலந்து தேசத்து ஓவியர் வான்கோவின் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 1890-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 பிராங்குக்கு விற்றது. அவ்வாண்டிலேயே அவர் காலமானார். அதுவரை தம்பி தியோ அனுப்பிய பணமே அவரைத் தாங்கிற்று. எல்லா ஓவியருக்கும் அத்தகைய தம்பி வாய்ப்பதில்லை. ஆகவேதான் கே. ஸி. எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் பாத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அவ்வருவாயைக் கொண்டு 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். வயிற்றுக்கு வேறு வழி இருந்தால், பசிக்காகச் சித்திரத்தை வந்த விலைக்குத் தள்ள வேண்டியதில்லை.

சட்டத்திலும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் தாமாகவே எழுதி விற்ற படத்தை அச்சிட்டு வெளியிடும் உரிமை, எழுதிக் கொடுத்தாலன்றி, அவரிடமே இருக்கும். பிறர் பணம் கொடுத்து எழுதச் சொன்ன படத்திலோ, வேறு ஒப்பந்தம் இல்லையாயின், அவ்வுரிமை எழுதச் சொன்னவரையே சேரும். எனவே உருவப் படத்துக்கு முன்பணம் வாங்கும்போதே இதைப் பேசி, இரண்டு வரி எழுதி இருவரும் கையொப்பமிடுவது நலம்.

நம்மைப் போன்ற குடும்பத்தார் செய்யக்கூடியது பெரிய உபகாரம் ஒன்றும் அன்று. விலையைக் கூசாமல் கேட்க வேண்டும். எழுதச் சொன்னால் பாதித் தொகையை முன்னதாகக் கொடுக்க வேண்டும். கல்யாணப் பரிசுக்குக் கடைப் பொம்மை வாங்குமுன் உள்ளூர்ச் சித்திரம் ஒன்றைப் பார்க்க வேண்டும். பெயரில்லாதவனிடம் பெயருக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. அவன் ஐந்து நாள் உழைப்புக்குக் கூலி கொடுத்தால் போதும். ஆறாவது நாளும் அவன் தூரிகையைக் கையில் எடுப்பான்.