கறுப்பில் முளைக்கும் வெள்ளைப் புல்

மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத்தான் காணும். அதற்கு அப்பால், 1,000 நானோமீட்டர் வரை நீளும் அண்மை அகச்சிவப்பையும் டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சார் உணரும். நிறம் கெடாதிருக்கத் தயாரிப்பாளர்கள் சென்சார்மேல் ஒரு தடுப்பு ஃபில்டரை வைக்கிறார்கள். அதைக் கழற்றி, 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் ஃபில்டரைப் பொருத்தினால் அகச்சிவப்புக் கேமரா கிடைத்துவிடும். மாற்றாத கேமராவின் லென்ஸ்மேல் அந்த ஃபில்டரை மாட்டலாம். ஆனால் ஷட்டர் பல நொடி திறந்திருக்க வேண்டும். காற்றிலாடும் புல்லுக்கும் ஓடும் தீக்கும் அது உதவாது.

இப்படங்களில் பசும்புல் வெண்பனிபோல் தெரியும். பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை; இலைக்குள் செல்சுவர்களிலும் காற்றறைகளிலும் சிதறி அதில் பாதியளவு திரும்பிவிடுகிறது. நீல வானமோ கறுத்துவிடும். 1910இல் இத்தகைய படங்களை வெளியிட்ட ராபர்ட் உட் பெயரால் இது 'உட் விளைவு' எனப்படுகிறது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் ஹில்ஸ், புல்வெளித் தீயை இப்படிப் படமெடுக்க ஏற்ற களம். மண்ணுக்கடியில் கிடந்த சுண்ணாம்புப் பாறையும் சக்கிமுக்கிக் கல்லும் ஏரைத் தடுத்ததால்தான் இங்கே உயர்புல் பிரெய்ரி என்னும் புல்வெளி பிழைத்தது. வட அமெரிக்காவில் அதன் பழைய பரப்பில் 4 சதவீதம்கூட எஞ்சவில்லை. எரிக்காவிட்டால் சீடர் மரங்களும் புதர்களும் புல்லை விழுங்கிவிடும். அன்று காவ், ஒசேஜ் பழங்குடிகள் தீ வைத்தார்கள். இன்று மேய்ச்சல்காரர்கள் மார்ச், ஏப்ரலில் வைக்கிறார்கள். இங்குள்ள கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையத்தில் சில நீர்ப்பிடிப்புப் பகுதிகள் ஆண்டுதோறும் எரிக்கப்படுகின்றன. சிலவற்றுக்கு 20 ஆண்டு இடைவெளி.

எரிப்பவர்கள் முதலில் காற்றுக்கு எதிராக மெல்ல நகரும் தீயை மூட்டிக் கரிந்த எல்லையை உண்டாக்குவார்கள். பிறகு காற்றோடு பாயும் தீ. மெல்லிய நீலப்புகை அகச்சிவப்பைச் சற்றே மறைக்கும். அடர்புகையை அதுவும் கடக்காது. தீச்சுடர் இந்த அலைநீளங்களில் மிகப் பிரகாசமாக ஒளிர்வதால், சுடருக்கேற்ப எக்ஸ்போஷரைக் குறைக்காவிட்டால் படம் வெளிறிவிடும். இந்தக் கேமரா வெப்பத்தை அளப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைகளை உணரும் வேறு கருவி தேவை.

தீ அணைந்த பிறகு எடுக்கும் படங்களே மிகுதியாகப் பேசுகின்றன. கரி அகச்சிவப்பை விழுங்கும். உலர்ந்த புல் சாம்பல் நிறம் காட்டும். எரிந்த நிலத்தின் விளிம்பு கோடு கிழித்தாற்போல் தெரியும். லாண்ட்சாட் செயற்கைக்கோள்களின் தரவிலிருந்து எரிந்த பரப்பைக் கணக்கிடவும் இதே வேறுபாடு உதவுகிறது. வெயிலில் சூடேறிய கரிமண்ணில் புளூஸ்டெம் புல் விரைவாகத் துளிர்க்கும். கறுப்பின்மேல் வெள்ளைப் புள்ளிகளாக அது படத்தில் பதியும். ஒரே இடத்தில் முக்காலியை நிறுத்தி வாரந்தோறும் எடுத்தால், மே மாதத்துக்குள் எரித்த பக்கம் வெளுத்து நிற்பதையும், எரிக்காத பக்கத்தில் பழைய சருகு புதுத்துளிரை மூடிக் கிடப்பதையும் காணலாம்.