நாய்க்கு வரி: மாநிலங்களில் நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை!

உங்களுக்குத் தெரியுமா? இந்திய மாநிலங்களில் நாய் வளர்ப்பவரிடம் அதற்கென வரி கேட்கும் அதிகாரம் பொதுவாக நாடாளுமன்றத்துக்குக் கிடையாது. 'விலங்குகள், படகுகள் மீதான வரி' அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் 58-ஆவது இனம். விலங்கு வதைத் தடுப்போ நாடாளுமன்றமும் சட்டமியற்றக்கூடிய பொதுப் பட்டியலில் 17-ஆவது.

• ஆகவே தமிழ்நாட்டின் ஓசூரிலிருந்து ஜூஜூவாடி தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குள் ஓடும் நாய்க்கு நாடாளுமன்றம் இயற்றிய வதைத் தடுப்புச் சட்டம் இரு பக்கமும் ஒன்றுதான். வரி என்றால் மட்டும் இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் பெங்களூரு முடிவெடுக்க வேண்டும்.

• அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் நம் நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்ததால் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. நாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைப்பது போதாது.

• பிரிட்டனில் 1796-இல் நாய் வரிக்காக வாதாடிய எம்.பி. ஜான் டென்ட்டுக்கு 'நாய் டென்ட்' என்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே நாய் உரிமம் 1987-இல் ஒழிந்தபோது கட்டணம் வெறும் 37 பென்ஸ்.

• 1960 சட்டத்தின் 11-ஆவது பிரிவில், நாயை அடித்து வதைத்தவருக்கு முதல் குற்றத்துக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய். நாடாளுமன்றம் உடனே திருத்த வேண்டிய தொகை இது.