உரப்பும் தெளிவும்: ஒலிப்பதிவைச் செப்பமாக்கும் இலக்கக் கணிதம்

தை மாதத்தில் அலங்காநல்லூர் வாடிவாசலருகே நின்று ஏறுதழுவலைக் கண்டவர்கள் ஒன்றை உணர்ந்திருப்பர். கூம்பு ஒலிபெருக்கியின் நேர்கீழே நிற்பவர்க்கு வர்ணனையாளரின் குரல் காதைப் பிளக்கும். ஆயினும் அவிழ்த்து விடப்பட்ட காளை எந்த ஊர்க்காளை என்பது விளங்காது. ஒலிபெருக்கிக் கருவியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்பொழுது ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வெட்டினால் பேசியவர் குரலில் இல்லாத புதிய அதிர்வுகள் பிறந்து சொல்லை மூடிவிடுகின்றன. எனவே உரப்பு வேறு, தெளிவு வேறு. ஒலிப்பதிவுக் கலையின் இறுதிப் படியாகிய 'மாஸ்டரிங்' என்னும் செம்மையாக்கம் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கின்றது.

பாடலைப் பதிவு செய்தல் முதற்படி. குரலையும் கருவிகளையும் கலத்தல் இரண்டாம் படி. கலந்து முடித்ததை எடுத்துக்கொண்டு, இரைச்சல் நீக்கி, தாழ்ந்த சுரத்திற்கும் உயர்ந்த சுரத்திற்கும் சமன்கண்டு, வானொலி, காதுக்கருவி, திருமணப் பந்தலின் ஒலிபெருக்கி ஆகிய எதில் கேட்பினும் கெடாதவாறு மூலப்படியை ஆக்குவது மூன்றாம் படி. முன்னாளில் மின்சுற்றுகளால் நடந்த இப்பணியை இன்று 'டிஜிட்டல் சிக்னல் பிராசசிங்' எனப்படும் இலக்கமுறைக் குறிகைச் செயலாக்கம் செய்து தருகின்றது. அதன் ஆற்றலையும் எல்லையையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதனை மின்னழுத்தமாக மாற்றுகின்றது. அம்மின்னழுத்தத்தைக் குறுந்தகட்டுக்காக நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதுகின்றனர். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஓர் அதிர்வைப் பிழையின்றி மீட்க, அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும் என்பது கணித விதி. ஆதலின் அவ்வெண் தேர்ந்துகொள்ளப்பட்டது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டுகளில், அதாவது 65,536 படிகளுள் ஒன்றாக எழுதப்படும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு இம்முறையிலேயே அமைந்தது. ஆவணக் காப்பகங்களோ நொடிக்கு 96,000 அளவுகளும் 24 பிட்டுகளும் கொள்கின்றன. அதில் படிகள் 1,67,77,216 ஆகும்.

ஒலி எண்ணாகிவிட்டபின் கூட்டலும் பெருக்கலுமே கருவிகள். 1965இல் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவுக் கணக்கு முறை, ஓர் ஒலித்துண்டில் எந்த அதிர்வு எவ்வளவு உண்டு என்பதை நொடிப்பொழுதில் பிரித்துக் காட்டுகின்றது. முறத்தில் புடைப்பவர் அரிசியையும் உமியையும் வேறாக்குவது போல, குரலையும் இரைச்சலையும் வேறாகக் காண இம்முறை வழிவகுத்தது.

கரூசோவும் கிட்டப்பாவும்

1925ஆம் ஆண்டளவில் மின்முறைப் பதிவு வரும்வரை பாடகர் ஒரு பெரிய கூம்பினுள் பாடினார். அக்கூம்பு சில அதிர்வுகளைத் தானாகவே பெருக்கும், சிலவற்றை விழுங்கும். இத்தாலியப் பாடகர் கரூசோவின் இசைத்தட்டுகளில் இக்குறை மிகுதி. அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டாக்கம், பழைய பதிவின் அதிர்வுப் பரவலைப் பிற்காலப் பாடகர் ஒருவரின் பதிவோடு ஒப்பிட்டுக் கூம்பின் இயல்பைக் கணித்தார். பின் அதன் விளைவை எதிர்க்கணக்கால் நீக்கினார். அவ்வாறு செப்பம் செய்யப்பட்ட கரூசோவின் பாடல்கள் 1976இல் வெளிவந்தன.

நம் நாட்டிலோ செங்கோட்டையில் 1906இல் பிறந்து, நாடக மேடையைத் தம் உச்சக் குரலால் ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933இலேயே மறைந்தார். தமிழ் பேசும்படம் 1931இல் தோன்றியும் அவர் அதில் நடிக்கவில்லை. ஆகவே பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே ஓடும் இசைத்தட்டுகள்தாம் அக்குரலுக்கு இன்று சான்று. அவற்றின் சீற்றொலியை ஒழிப்பதாக எண்ணி உயர் அதிர்வுகள் அனைத்தையும் ஒருவர் வெட்டிவிடுவாராயின், எக்குரலுக்காக நாடு அவரைப் போற்றியதோ அக்குரலின் ஒளியே மங்கிவிடும். சகர, ஸகர ஒலிகளும் மழுங்கிச் சொல் சிதையும்.

நால்வகைப் பிணியும் மருந்தும்

முதலாவது, கீறல். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டில் ஒரு கீறல் 0.77 நொடிக்கொரு முறை 'டக்' என ஒலிக்கும். கணிப்பொறி அச்சிறு துண்டை நீக்கி, முன்னும் பின்னும் உள்ள அலையைக் கொண்டு இடைவெளியை ஊகித்து நிரப்பும்.

இரண்டாவது, சீற்றொலி. பாடல் தொடங்குமுன் உள்ள வெறும் பகுதியிலிருந்து இரைச்சலின் இயல்பைக் கற்று, அதனை ஒவ்வோர் அதிர்வுப் பட்டையிலிருந்தும் கழிப்பர். அளவு மீறின் நீர்க்குமிழி உடைவது போன்ற செயற்கை ஒலி எழும்.

மூன்றாவது, மின்முனகல். நம் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆதலின் 50, 100, 150 என அடுக்கி வரும் முனகலைக் குறுகிய வடிப்பான்களால் நீக்கலாம். ஆடவர் பேச்சின் அடிநாதமும் 100, 150 என்னும் எண்களை ஒட்டியே அமைவதால் வடிப்பான் அகலமாயின் குரல் மெலிந்துவிடும்.

நான்காவது, வேகப் பிழை. ஒலிநாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடவேண்டும். பிழைபட ஓடின் சுருதி மாறும். பதிவின்போதே கலந்துவிட்ட மின்முனகல் இங்குச் சான்றாகின்றது! அது 52 எனக் காட்டின், நாடா ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்து ஓடுகின்றது என்று அறியலாம். முனகலை முன்னரே அழித்தவர் இச்சான்றையும் அழித்தவர் ஆவர். குற்றம் எனத் தோன்றுவதும் சில வேளை செய்தி சொல்லும்.

உரப்புப் போட்டி

இலக்கமுறையால் மெல்லொலியை உயர்த்தி, முகடுகளை அடக்கி, முழுப் பாடலையும் ஒரே உரப்பில் நிறுத்தவும் கூடும். 1990களில் தம் தட்டே பிறர் தட்டினும் உரத்து ஒலிக்க வேண்டும் என்ற போட்டி உலகெங்கும் வளர்ந்தது. மெல்லத் தொடங்கி உயரும் பாட்டின் அழகு அதனால் குன்றியது. 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், செவி உணரும் உரப்பை அளக்க ஒரு பொது முறையை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதன்வழி ஓர் இலக்கை நிறுவியது. அவ்வாறு சமன்செய்து ஒலிபரப்பும் இடத்தில் உரக்கப் பதிவு செய்தவர்க்குத் தனிப்பயன் ஏதுமில்லை.

நம் கடமை

இசைமுரசு நாகூர் ஹனிபா அவர்களின் பாடல்கள் ஆயிரமாயிரம் ஒலிநாடாக்களில் பரவின. ஒன்று கெடினும் மற்றொன்று கிடைக்கும். ஆனால் நம் இல்லத்துப் பெரியவர் சீறாப்புராணத்தை இசையோடு ஓதிய நாடாவுக்கும், பாட்டியார் பாடிய தாலாட்டுக்கும் வேறு படி இல்லை.

அலங்காநல்லூர்ப் பக்கத்து மூதாட்டி ஒருவரின் தாலாட்டு நாடாவை நாம் ஒருமுறை செப்பம் செய்ய முற்பட்டோம். கீறல் நீக்கும் செயலியை அளவின்றி ஏவினோம். குரல் தூய்மையாயிற்று, ஆனால் தொழுவத்தில் நின்ற காளையின் கழுத்துச் சலங்கை முழுவதும் மறைந்துவிட்டது. சிற்றொலிகள் அனைத்தையும் கீறல் என்றே அச்செயலி கருதியது. அந்நாடாவைக் கேட்ட அவர் மகன், "அம்மா பாடும்போது மாடு தலையை ஆட்டுமே, அது எங்கே?" என்று வினவினார். விடை கூற நாணினோம். கைபடாத முதற்படியைத் தனியே வைத்திருந்ததனால் சலங்கையை மீட்க முடிந்தது.

எனவே மாணவர்க்கும் பெரியோர்க்கும் நாம் கூறுவது இது. நாடாவை முதலில் தூய்மை செய்த நல்ல கருவியில் ஓட்டுக. உயர்ந்த அளவில் உள்ளது உள்ளபடி படியெடுத்து இரண்டு இடங்களில் காத்திடுக. அதன்பின் மற்றொரு படியில் மட்டும் செப்பம் செய்க. செய்தவற்றைக் குறித்தும் வைத்திடுக. எதை நீக்கலாம் என்பதைக் கணிப்பொறி காட்டும். எதை நீக்கலாகாது என்பதை அக்குரலோடு வாழ்ந்தவரே சொல்ல வல்லார். அவர் நம்மிடையே இருக்கும்பொழுதே அவரை அருகிலமர்த்திக் கேட்பதுதான் செம்மையாக்கத்தின் முதற்பாடம்.